பெயர் மாறிய ஆய்வரங்கு: ‘சாண்ட்ஸ்’ மொபிகாம் மாநாட்டில் இடம்பெற்றது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கணினி வலையமைப்பு ஆய்வாளர்களின் சிக்காம் மாநாடு நடந்தபோது, தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்தாலும் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ‘தாமதம் தாங்கும்’ வலையமைப்புகளுக்கென்று ஓர் ஆய்வரங்கு அதனுடன் சேர்ந்து நடைபெற்றது. மறு ஆண்டு இத்தாலியின் பிசா நகரில், அதே மாநாட்டோடு, அது ‘சாண்ட்ஸ்’ என்ற புதுப் பெயரில் கூடியது. ‘இடர்ப்பட்ட வலையமைப்புகள்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. 2007இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த, நகரும் கருவிகளின் கம்பியில்லாத் தொடர்பை ஆராயும் மொபிகாம் மாநாட்டுக்கு இடம் மாறிய அந்த ஆய்வரங்கு, பிறகு சான் பிரான்சிஸ்கோ, பெய்ஜிங், சிகாகோ, லாஸ் வேகாஸ், இஸ்தான்புல் என்று மொபிகாம் போன ஊர்களுக்கெல்லாம் உடன்போய், 2018இல் மொபிகாம் புது டெல்லிக்கு வந்தபோது ‘சாண்ட்ஸ்’ என்ற பெயரில் பதின்மூன்றாம் முறையாகக் கூடியது. ஈராண்டு மூவாண்டில் காணாமற்போகும் ஆய்வரங்குகளே மிகுதியாக உள்ள ஒரு துறையில் இது நீண்ட ஆயுள். பெரிய மாநாடு ஒன்றில் ஆய்வரங்கு நடத்த முன்மொழிவு எழுத விரும்பும் தமிழ் ஆய்வாளர்களுக்கு இந்த ஆயுளிலிருந்து கற்க நிறைய இருக்கிறது என்று கருதுவதால், அதன் பெயர், இடம், அங்கே வெளிவந்த கட்டுரைகள் ஆகியவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். ஒர்க்‌ஷாப் என்பதைப் பயிலரங்கு என்று எழுதுவதே நம் கல்லூரிகளில் வழக்கம். அச்சொல்லைக் கேட்டதும் ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் சான்றிதழுக்காக அமர்ந்திருக்கும் காட்சிதான் மனத்தில் எழும். மொபிகாம் போன்ற மாநாடுகளில் ஒர்க்‌ஷாப் அப்படிப்பட்டதன்று. அதற்கும் கட்டுரைகள் அழைக்கப்படும், தேர்வுக் குழு இருக்கும், மதிப்பீடு நடக்கும், தேர்வானவை ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் மின்னூலகத்தில் தனித் தொகுப்பாக வெளிவரும். முதன்மை மாநாட்டின் கட்டுரை பன்னிரண்டு பக்கம் என்றால் இதில் ஏறக்குறைய ஆறு பக்கம். அங்கே நூற்றுக்கணக்கானோர் ஒரே அரங்கில் அமர்ந்தால் இங்கே சில பத்துப் பேர் ஓர் அறையில் அமர்வார்கள். வேறுபாடு அவ்வளவே. இந்தப் பொருளைக் காக்கவே ஆய்வரங்கு என்ற சொல்லை இங்கே ஆள்கிறேன். பயிலரங்கு என்று நினைத்து எழுதப்பட்ட முன்மொழிவுகள் தொடக்கத்திலேயே தவறிப்போவதைக் கண்டிருக்கிறேன்.

தனி அறை ஏன் தேவைப்பட்டது

இணையத்தில் கணினிகள் செய்தி பரிமாறுவதற்கான விதித்தொகுப்பை நெறிமுறை என்கிறோம். அதன் அடிப்படை நெறிமுறையான டிசிபி, அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையே எந்நேரமும் ஒரு முழுப் பாதை இருக்கிறது என்றும், போன செய்திக்கு ஒப்புதல் விரைவில் திரும்பி வரும் என்றும் எண்ணி வடிவமைக்கப்பட்டது. செவ்வாய்க் கோளுக்கு ஒரு சமிக்ஞை போய்ச்சேர, கோள்களின் இருப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்கே இந்த எண்ணம் செல்லாது. 1998இல், டிசிபியை வடிவமைத்தவர்களுள் ஒருவரான விண்டன் செர்ஃபும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினரும் கோள்களுக்கிடையிலான இணையம் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது இதனால்தான். அந்தச் சிந்தனையைப் பூமிக்கு இறக்கிவைத்தவர் கெவின் ஃபால் என்ற வலையமைப்பு ஆய்வாளர். 2003இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த சிக்காம் மாநாட்டில் அவர் அளித்த கட்டுரை, தொடர்பு அறுந்து அறுந்து கிடைக்கும் இடங்கள் அனைத்தையும் ஒரே வகையாகப் பார்க்கும் கட்டமைப்பு ஒன்றை முன்வைத்தது. செய்தியை மூட்டையாகக் கட்டி, வழியிலுள்ள கணினி அதைச் சேமித்து வைத்து, அடுத்த தொடர்பு கிடைக்கும்போது கைமாற்றிவிட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு நம் பக்கத்து ஊரிலேயே உயிருள்ள எடுத்துக்காட்டு ஒன்று இருந்தது. பெங்களூருக்கு அருகிலுள்ள தொட்டபள்ளாபூர் வட்டாரத்தில் ‘டாக்நெட்’ என்ற திட்டத்தின்கீழ், பேருந்தில் பொருத்தப்பட்ட வைஃபை கருவி, அப்பேருந்து ஊர் ஊராகச் செல்லும்போது நில ஆவணக் கோரிக்கைகளை வாங்கிக்கொண்டு, நகருக்கு வந்ததும் இணையத்தில் சேர்த்தது. தபால்காரர் செய்த வேலையைப் பேருந்து செய்தது. அத்திட்டம் பற்றிய கட்டுரை 2004இல் ஓர் இதழில் வெளிவந்தது.

சிக்காம் முதன்மை மாநாட்டிலேயே 2003இலும் 2004இலும் இத்தகைய கட்டுரைகளுக்கு இடம் கிடைத்திருக்க, தனியே ஓர் ஆய்வரங்கு எதற்கு என்ற கேள்வி எழும். எந்த முன்மொழிவையும் மதிப்பிடுபவர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான். இதற்கான விடை முதன்மை மாநாட்டின் தேர்வு முறையில் இருக்கிறது. அங்கே வரும் கட்டுரையிடம் முழுமையாகக் கட்டப்பட்ட அமைப்பும், முந்தைய முறைகளோடு ஒப்பீடும், விரிவான அளவீடும் எதிர்பார்க்கப்படும். 2005இல் இந்தத் துறையில் ஒப்பிடுவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. மனிதர்கள் எவ்வளவு இடைவெளியில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள் என்ற அடிப்படைத் தரவுகூடப் போதுமான அளவு இல்லை. தரவு மட்டும் கையிலிருப்பவருக்கும், எளிய யோசனை ஒன்று மட்டும் கையிலிருப்பவருக்கும் பெரிய அரங்கில் இடமில்லை. ஆனால் அவர்கள் இருவரும் ஒரே அறையில் சந்திக்காவிட்டால் துறை நகராது.

பிலடெல்பியாவில் நடந்தது இதுதான். அங்கே வந்த இரண்டு கட்டுரைகளைச் சற்று அருகில் பார்ப்போம்.

முதலாவது, தரவு மட்டுமே கொண்டு வந்தவர்களுடையது. 2005இல் மயாமியில் நடந்த இன்ஃபோகாம் என்ற வலையமைப்பு மாநாட்டின் மாணவர் அரங்குக்கு வந்த சுமார் 50 பேரிடம் ஐமோட் என்ற சிறு புளூடூத் கருவியைக் கொடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு கருவியும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அருகில் வேறு எந்தக் கருவி இருக்கிறது என்று தேடிக் குறித்துக்கொண்டது. திரும்பி வந்தவற்றில் 41 கருவிகளின் பதிவு பயன்பட்டது. அந்தப் பதிவிலிருந்து தெரிந்தது எளிமையானது, ஆனால் அதுவரை பலர் எண்ணியிருந்ததற்கு மாறானது: இருவர் பிரிந்து மீண்டும் சந்திக்கும் இடைவெளி ஒரு சராசரியைச் சுற்றி அடங்கவில்லை, மிக நீண்ட இடைவெளிகளும் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி வந்தன. அதுவரை காகிதத்தில் எழுதப்பட்ட நகர்வு மாதிரிகள் பல இதைக் கணக்கில் கொள்ளவில்லை.

இரண்டாவது, ‘தெளித்துவிட்டுக் காத்திரு’ என்ற பொருள்படும் பெயருள்ள வழிச்செலுத்தல் முறை. சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் செய்தியின் படியை (நகலை)க் கொடுத்துக்கொண்டே போனால் அது தொற்றுநோய்போலப் பரவி வலையமைப்பையே அடைத்துவிடும். எனவே செய்திக்கு இத்தனை படிகள்தான் என்று தொடக்கத்திலேயே ஓர் எண்ணிக்கை வைத்து, சந்திப்பவருக்குக் கையிலிருப்பதில் பாதியைக் கொடுத்து, ஒரே படி மிஞ்சியதும் பெறுநரை நேரில் காணும்வரை காத்திருக்க வேண்டும் என்றது அந்தக் கட்டுரை. இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய அந்த யோசனை, பின்னர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாகவும் ஒப்பீட்டு அளவுகோலாகவும் ஆயிற்று.

ஒன்று தரவு, மற்றொன்று எளிய யோசனை. முன்மொழிவு எழுதுபவர் தம் துறையில் இத்தகைய கட்டுரைகள் எவை, அவை இன்று எங்கே இடமின்றி நிற்கின்றன என்று சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து.

தீர்வின் பெயரும் சிக்கலின் பெயரும்

இந்நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 2005க்கும் 2006க்கும் இடையே நடந்த பெயர் மாற்றம். ‘தாமதம் தாங்கும்’ என்பது ஒரு தீர்வின் பெயர்; மூட்டை கட்டி, சேமித்து, சுமந்து, கைமாற்றும் அந்தக் குறிப்பிட்ட கட்டமைப்பை அது சுட்டுகிறது. ‘இடர்ப்பட்ட’ என்பதோ ஒரு நிலைமையின் பெயர். தொடர்பு அறுகிறது, மின்சாரம் இல்லை, கருவிகள் நகர்கின்றன, செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன என்ற நிலைமைகள் எல்லாம் அதில் அடங்கும். தீர்வு எது என்பதை அந்தப் பெயர் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. தாமதம் தாங்கும் கட்டமைப்பு 2007இல், ஆர்எஃப்சி எனப்படும் இணைய ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 4838 என்றும், மூட்டை நெறிமுறை அதே ஆண்டில் ஆர்எஃப்சி 5050 என்றும் ஆவணமாக வெளிவந்துவிட்டன. தீர்வின் பெயரைச் சூடியிருந்த ஆய்வரங்கு என்றால், அத்துடன் தன் வேலை முடிந்தது என்றோ, இனி திருத்தங்கள் மட்டுமே மிச்சம் என்றோ நிற்க வேண்டியிருந்திருக்கும். நிலைமையின் பெயரைச் சூடியிருந்ததால், செல்பேசிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது, பேரிடரின்போது தகவல் பரப்புவது, முகவரிக்குப் பதிலாகத் தகவலின் பெயரைக் கொண்டு தேடும் வலையமைப்பு என்று புதிது புதிதாக வந்த ஆர்வங்களுக்கெல்லாம் அதே அறையில் இடம்கொடுக்க முடிந்தது.

தொழில்நுட்பத்தின் பெயரில் தொடங்கும் ஆய்வரங்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2002இல் அட்லாண்டாவில் மொபிகாமோடு நடந்த கம்பியில்லா உணரி வலையமைப்புகளுக்கான ஆய்வரங்கில்தான், மெய்ன் மாநிலத்தின் கிரேட் டக் தீவில் கடற்பறவைகளின் வளைகளுக்கருகே 32 உணரிகளை வைத்துக் கண்காணித்த முயற்சி பற்றிய கட்டுரை வந்தது. மறு ஆண்டே சென்சிஸ் என்ற தனி மாநாடு அத்துறைக்கெனத் தொடங்கிற்று. 1994 டிசம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் தொடங்கி, பின்னாளில் ஹாட்மொபைல் என்று பெயர்மாறிய ஆய்வரங்கு, 1995இல் பெர்க்லியில் முதல்முறை கூடிய மொபிகாமைவிட மூத்தது. அது எந்தப் பெரிய மாநாட்டின் நிழலிலும் தொடங்கவில்லை. ஆக, சீக்கிரம் வளர்ந்து தனி மாநாடாக விரியும் துறைக்குத் தொழில்நுட்பத்தின் பெயர் பொருந்தலாம். மெதுவாக, பல திசைகளிலிருந்து விளையும் துறைக்குச் சிக்கலின் பெயரே காப்பு.

எந்த மாநாட்டோடு

2007இல் சிக்காமைவிட்டு மொபிகாமுக்கு வந்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 2003இல் கேள்வி, நெறிமுறையின் கட்டமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதாக இருந்தது. அது சிக்காமின் கேள்வி. ஐமோட் தரவு வந்தபிறகு கேள்வி, மனிதர்களும் வண்டிகளும் எப்படி நகர்கிறார்கள், எப்போது சந்திக்கிறார்கள் என்பதாக மாறிற்று. அது மொபிகாமுக்கு வருபவர்களின் கேள்வி. கட்டுரை எழுதுபவர்கள் ஏற்கெனவே எந்த மாநாட்டுக்குப் பயணச்சீட்டு எடுக்கிறார்களோ அந்த மாநாட்டோடு இருப்பதே ஆய்வரங்குக்கு நல்லது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டோடு உண்மையான தொடர்புடைய இன்னொரு நிகழ்வையும் நினைக்கிறேன். தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைத்து, மருத்துவர் காணொளி வழியே நோயாளியைப் பார்க்கும்படி, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளரும் பகுதிகளுக்கான தொழில்நுட்பத்தை ஆராய்ந்த டியர் குழுவினர் நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளை அமைத்தார்கள். அதற்கான நெறிமுறை மாற்றங்கள் பற்றிய கட்டுரை 2007இலும், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் கருவிகள் பழுதாவது உள்ளிட்ட பராமரிப்பு அனுபவம் பற்றிய கட்டுரை 2008இலும் என்எஸ்டிஐ என்ற பெரிய மாநாட்டிலேயே வெளிவந்தன. ஆனால் அத்தகைய களத்தில் வேலை செய்த எல்லாருக்கும் அந்த வாய்ப்பு கிட்டாது. 2007இல் கியோட்டோவில் சிக்காமோடு வளரும் பகுதிகளின் வலையமைப்புகளுக்கென ஓர் ஆய்வரங்கும், 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் மொபிகாமோடு வளரும் பகுதிகளின் கம்பியில்லா அமைப்புகளுக்கென மற்றொன்றும் எழுந்தது எனக்கு இயல்பாகவே படுகிறது. ஒரே சிக்கலுக்கு இரண்டு மாநாடுகளில் இரண்டு அறைகள். எது எங்கே பொருந்தும் என்பது அங்கே வருபவர்களைப் பொறுத்தது. பொருளைப் பொறுத்து மட்டும் இல்லை.

நான் உடனிருந்து பார்த்த ஒரு முன்மொழிவு

சில ஆண்டுகளுக்கு முன்பு இளம் ஆசிரியர்கள் இருவர், ஆய்வரங்கு முன்மொழிவு ஒன்றின் நகலை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பல நாள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரப் படகுகளைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது அத்தகைய படகுகளுக்குச் செய்தி எட்டாமற்போனதே அவர்களை இந்த வேலைக்குள் இழுத்தது. செல்பேசிக் கோபுர எல்லையைத் தாண்டிய கடலில் இரண்டு படகுகள் எதிர்ப்படும் சில நிமிடங்களில் எவ்வளவு தகவலைக் கைமாற்றலாம் என்பது அவர்கள் உள்ளத்தில் இருந்த கேள்வி. அருமையான கேள்வி.

முன்மொழிவின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் காணவில்லை. உலகில் எத்தனை கருவிகள் இணையத்தில் இணைந்துள்ளன என்று தொடங்கி, ஐந்தாம் தலைமுறை, பொருள்களின் இணையம், செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் என்று வரிசையாகச் சென்றது அது. கட்டுரைகள் வரவேற்கப்படும் தலைப்புகள் இருபதுக்கு மேல் இருந்தன. படகு நான்காம் பக்கத்தில், எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக, ஒரு வரியில் கிடந்தது. ஏன் இப்படி என்று கேட்டபோது, “சார், தலைப்பு விரிந்திருந்தாத்தானே கட்டுரை வரும்?” என்றார் இருவரில் இளையவர். அவர் கவலை நியாயமானதுதான். கட்டுரை குறைந்தால் ஆய்வரங்கையே கைவிடவோ வேறொன்றோடு சேர்க்கவோ மாநாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் எல்லாத் தலைப்பையும் அழைக்கும் ஆய்வரங்குக்கு யாரும் குறிப்பாக எழுதுவதில்லை.

அந்த வடிவம் ஏற்கப்படவில்லை. மதிப்பீட்டில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன: முதன்மை மாநாட்டிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பது விளங்கவில்லை, தேர்வுக் குழுவாகக் குறிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் சம்மதித்திருக்கிறார்கள் என்பதும் குறிக்கப்படவில்லை. இரண்டாவது காரணத்தைப் பலர் சிறியதாக நினைக்கிறார்கள். குழுவினர் பட்டியல்தான் ஆய்வரங்குக்கு யார் வருவார்கள் என்பதற்குக் கையிலிருக்கும் ஒரே சான்று; ஒவ்வொரு உறுப்பினரும் தம் மாணவரிடம் இங்கே எழுதச் சொல்வார் என்பதுதான் அதன் பொருள். பட்டியலில் உள்ள பெயருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கி, சம்மதித்தவர், கேட்கப்பட இருப்பவர் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவது நேர்மையும்கூட.

மறு ஆண்டு அவர்கள் எழுதியது மூன்று பக்கம். முதல் பத்தி கடலில் தொடங்கியது: கரையிலிருந்து எத்தனை நாள், படகில் என்ன மின்கலம், எந்த வானொலி, இரண்டு படகுகள் எவ்வளவு நேரம் அருகருகே இருக்கும். இரண்டாம் பத்தி, இதே சிக்கல் மலைப்பாதை லாரிகளுக்கும், துருவப் பகுதி ஆய்வுநிலையங்களுக்கும், நீருக்கடியில் ஓடும் கருவிகளுக்கும் இருக்கிறது என்று காட்டிக் கதவைத் திறந்தது. தலைப்புகள் ஏழாகக் குறைந்தன. அவற்றுள் ஒன்று, களத்தில் தோற்றுப்போன முயற்சிகளின் அளவீடு. சாண்ட்ஸ் போன்ற முந்தைய அரங்குகளைப் பெயர்சொல்லி, அவற்றிலிருந்து தாங்கள் எங்கே பிரிகிறோம் என்றும் ஒரு பத்தியில் எழுதினார்கள். முன்னோடியை மறைக்காமல் சொன்னதுதான் மதிப்பிட்டவர்களுக்கு நம்பிக்கை அளித்திருக்கும் என்று நினைக்கிறேன். இம்முறை முன்மொழிவு ஏற்கப்பட்டது.

நாள்காட்டி

மொபிகாம் பொதுவாக ஆண்டின் பிற்பகுதியில் நடப்பது. ஆய்வரங்கு முன்மொழிவுகள் பல மாதங்களுக்கு முன்பே கேட்கப்படும். முன்மொழிவில் எழுதப்படும் தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டுவது கட்டுரை அனுப்பும் கடைசித் தேதிதான். முதன்மை மாநாட்டின் முடிவுகள் வெளிவரும் நாளுக்கு முன் அதை வைத்தால், அங்கே இடம் கிடைக்காத நல்ல கட்டுரையைச் சுருக்கி இங்கே அனுப்ப ஆசிரியருக்கு வழி இல்லை. முடிவு வந்து மூன்று நான்கு வாரம் கழித்து வைத்தால் அந்த வழி திறக்கும். மறுபுறம், இறுதிப்படி அச்சுக்குப் போக வேண்டிய நாளை மாநாடும் ஏசிஎம் நிறுவனமும் முடிவு செய்வதால் அதை நகர்த்த முடியாது. இரண்டுக்கும் நடுவில் மதிப்பீட்டுக்கு மூன்று வாரமாவது மிஞ்ச வேண்டும். வெளிநாட்டு மாநாடு என்றால் நம் மாணவர்களுக்கு விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவும் காலம் வேண்டும் என்பதை அந்த இரு ஆசிரியர்களும் தங்கள் அட்டவணையில் தனி வரியாகச் சேர்த்திருந்தார்கள். ஏற்பு முடிவை அறிவிக்கும் தேதியை அதற்காகவே பத்து நாள் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

அறை நிகழ்ச்சி நிரலிலும் அவர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பதினைந்து நிமிடப் பேச்சு, அதே அளவு விவாதம். கட்டுரை எழுதாத ஒருவர் அதை முன்கூட்டியே படித்துவந்து முதல் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு. மாலை அமர்வில் மேசைமேல் இரண்டு வானொலிக் கருவிகளை வைத்து, அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்துத் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துபோய், தொடர்பு அறுந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்து கணக்கைத் தொடங்கினார் அந்த இளையவர்.